படிக்கட்டுக்குக் கீழே கிடந்த எக்ஸ்ரே

போன வருஷம் ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்த விஷயம் இது. தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப்பில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவை ஒட்டின சந்து ஒன்றில் இருக்கும் எக்ஸ்ரே சென்டரில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். டோக்கன் கொடுப்பது, பெயர் வயசு அடிப்பது, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் பண்ணுவது என் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நெட் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது பி.காம். ஆனால் சின்ன சென்டரில் கம்ப்யூட்டர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்தான் கம்ப்யூட்டர் ஆள்.

முன்பு எங்களிடம் ஒரு லினக்ஸ் மெஷின் இருந்தது. எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். அதில் ஒரு ஃபோல்டரைப் பொதுவாகத் திறந்து வைத்திருந்தோம். டாக்டர் ரூமிலிருந்தும் என் மேஜையிலிருந்தும் அந்த ஃபோல்டருக்குள் போய் வேண்டிய படத்தை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்க வேண்டிய மெஷின். ஆரம்பத்தில் பயந்தேன், பிறகு நாலைந்து கட்டளைகள் கைக்குப் பழகிவிட்டன.

அந்தச் சனிக்கிழமைக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புது எக்ஸ்ரே கருவியும் அதோடு புது கம்ப்யூட்டரும் வந்தன. "பழைய படத்தையெல்லாம் புதுசுக்கு மாத்திடும்மா" என்றார் டாக்டர். சரி என்றேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் ஒருநாள் போட்டுப் பார்த்தபோது திரை வரவில்லை, பீப் பீப் என்று கத்தியது. அப்படியே அணைத்து, மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்துத் தள்ளி, மேலே பழைய ஃபிலிம் டப்பாக்களை அடுக்கிவிட்டேன். டாக்டரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாராவது பழைய எக்ஸ்ரே கேட்டு வந்தால், "அதெல்லாம் இப்ப இல்லைங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அந்த அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மாரிகுப்பத்துக்காரர். ஸ்கூலில் பிசியூட்டா, அதாவது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, சமைக்கிறவர். அம்பது வயசு தாண்டியிருக்கும். ஜூலை மாசத் தொடக்கத்தில் ஒருநாள் வந்து, எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு இங்கே எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே கிடைக்குமா என்று கேட்டார். கையில் கொடுத்த ஃபிலிம் மழை ஒழுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டதாம். வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவ்ளோ பழசெல்லாம் இல்லைங்கக்கா" என்றேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தார். சனிக்கிழமை அரை நாள்தான், மூடுகிற நேரம். கூட்டம் இல்லை.

"இன்னாக்கா, மறுபடியும் எக்ஸ்ரேவா?" என்றேன்.

"இல்லம்மா. ஒரு லெட்டர் வேணும். பழைய படம் உங்ககிட்ட இல்லைன்னு சென்டர் பேப்பர்ல எழுதி சீல் போட்டுக் குடு. பெங்களூர் ஆஸ்பத்திரியில ஃபைல்ல வைக்கக் கேக்கறாங்க."

எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டியதை மூன்று வாரம் கழித்துக் கேட்டேன்.

அவர் வீட்டுக்காரர் மைன்ஸ் மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார். கம்பெனியில் எல்லோருக்கும் செக்கப் செய்தபோது இவர் நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்திருக்கிறது. சுரங்கத் தூசி படிந்து எப்போதோ உண்டான பழைய தழும்பாகவும் இருக்கலாம், புதிதாக வந்த கட்டியாகவும் இருக்கலாம். பழைய எக்ஸ்ரே இருந்து, அதிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் பயப்பட வேண்டாம் என்று பெங்களூர் டாக்டர் சொன்னாராம். இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"தூசி ஏறின நெஞ்சு, ஊசி குத்தினா காத்து போயி சுருங்கிட சான்ஸ் இருக்குதுன்னு சொல்லி கையெழுத்து வாங்கிகினாங்கம்மா. செவ்வாக்கிழமை ஊசி. நீ லெட்டரைக் குடு, நான் போறேன்."

அவர் அழவில்லை. எங்கள் தாத்தா, பெரியப்பா எல்லோரும் சுரங்க ஷாஃப்டில் இறங்கினவர்கள்தான். அந்தத் தூசி இருமலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவர் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

லெட்டர் பேப்பரை எடுத்தேன். இங்கிலீஷில் ரெண்டு வரி அடித்தேன். பிரிண்ட் வந்தது. சீலை மைப்பெட்டியில் ஒற்றினேன். கை அதற்கு மேல் போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வாயால் சொன்னது இப்போது என் கையெழுத்தோடு ஒருத்தர் ஃபைலில் போய் உட்காரப் போகிறது. அதை நம்பி ஒருத்தர் நெஞ்சில் ஊசி விடப் போகிறார்கள். படமோ என் நாற்காலிக்கு இருபது அடி தள்ளிப் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிறது. கிடக்கிறதா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. நான்தான் பார்க்கவே இல்லையே.

"அக்கா, திங்கக்கிழமை காலையில வாங்க. இன்னொரு வாட்டி பார்த்துட்டு எழுதித் தரேன்" என்றேன்.

'இன்னொரு வாட்டி' என்று சொன்னேன் பாருங்கள். அதிலும் ஒரு பொய்.

அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஃபிலிம் டப்பாக்களை எடுத்து வெளியே வைத்தேன். சிபியுவை இழுத்துத் துடைத்து, என் மேஜைக்குக் கொண்டுவந்து, ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. பழையபடி மூன்று நீளமான பீப்.

போனில் தேடிப் பார்த்தேன். மெமரி சரியாக உட்காரவில்லை என்றால் அப்படிக் கத்துமாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஒரு பல்லி முட்டை, ஒரு விரல் உயரத்துக்குத் தூசி. மெமரிப் பட்டையைக் கழற்றி, டிராயரில் இருந்த அழிரப்பரால் அதன் மஞ்சள் பல்லை எல்லாம் மெதுவாகத் தேய்த்து, திரும்ப 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். ஸ்விட்சைப் போட்டேன். ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து!

ரெண்டு வருஷம் பயந்து தள்ளிவைத்த வேலை பத்து நிமிஷத்தில் ஒரு அழிரப்பரில் முடிந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, என்னையே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆனால் சந்தோஷம் அஞ்சு நிமிஷம்கூட நிற்கவில்லை. உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். சின்னதில் லினக்ஸ், பெரியதில் படங்கள். சின்னது கிளம்பியது. பெரியதைத் தொட்டதும் திரை முழுக்க எரர் கொட்டியது. கடைசியில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் புரோகிராம் வந்து, இது தப்பாக இருக்கிறது, சரி செய்யட்டுமா என்று கேட்டு நின்றது. 'ஒய்' அடித்தால் ஆமாம். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீடு மைசூர் மைன்ஸ் பக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, சமையலை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "லீவு நாள்ல இன்னாத்துக்கு?" என்றார். வந்து சொல்கிறேன் என்றேன். சென்டரில் மெஷினைப் போட்டால் மறுபடி அதே கேள்வியில் போய் நின்றது.

அந்த மெஷினை அன்றைக்குப் போட்டுக் கொடுத்த ஆளின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. டாக்டரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ரெண்டு வருஷக் கதையையும் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் அப்போது வரவில்லை. போனில் தேடினேன். ஒரு பக்கத்தில், இப்படிக் கேள்வி மேல் கேள்வி வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 'ஒய்' சொல்லிவிடும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதை அடித்தால் தானே எல்லாம் சரியாகிவிடும் என்று போட்டிருந்தது. அதை அப்படியே பார்த்துத் திரையில் அடித்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

என்ன தோன்றியதோ, என்டரை அழுத்தாமல் திரையை ஒரு போட்டோ எடுத்தேன். தமிழ் எழுத்துரு விஷயமாக எப்போதோ ஒரு லினக்ஸ் வாட்ஸப் குழுவில் சேர்ந்திருந்தேன். நான் அதில் ஒரு வார்த்தை எழுதினதில்லை. அந்தப் போட்டோவைப் போட்டு, 'இதில் நோயாளிகளின் எக்ஸ்ரே இருக்கிறது, நாளைக்கு ஒருத்தருக்கு அவசரமாகத் தேவை, என்டர் அழுத்தலாமா?' என்று கேட்டேன்.

ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல். வணக்கம் இல்லை, யார் என்றில்லை.

"என்டர் அழுத்திட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப கையை எடுங்க. கீபோர்டை விட்டுத் தள்ளி உட்காருங்க. தள்ளி உட்காந்துட்டீங்களா?"

உண்மையாகவே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவராம். அவர் சொன்னது இதுதான்: டிஸ்க்கிலிருந்து வருகிற தகவலே தப்பாக வந்துகொண்டிருந்தால், அந்த புரோகிராம் நல்லதையும் கெட்டது என்று நினைத்துக்கொண்டு திருத்தும். திருத்துகிறேன் என்று மேலே எழுதிவிடும். எழுதிவிட்டால் போனது போனதுதான். முதலில் டிஸ்க் கெட்டிருக்கிறதா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும்.

"நான் ஒரு கட்டளை சொல்லுதேன். அது பார்க்க மட்டும்தான் செய்யும், எதையும் மாத்தாது. பயப்படாம அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். டிஸ்க் தன்னுடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று தானே குறித்து வைத்திருக்குமாம், அந்தப் பட்டியல் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் அதைப் படித்து முடிக்கிற வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே ரிப்போர்ட்டுக்கு எங்கள் வாசலில் காத்திருக்கிறவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் போல என்று நினைத்தேன்.

பிறகு அவர் சிரித்தார்.

"அக்கா, உங்க டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு. கெட்டுப்போன இடம் சைபர். ஆனா வர்ற வழியில தகவல் சிதறுனதுன்னு ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அது எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. டிஸ்க்குல இருந்து போர்டுக்கு ஒரு சிவப்பு கேபிள் போகுதுல்லா, அதைப் பாருங்க."

மெஷினை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு கேபிள் நடுவில் முழங்கை மாதிரி மடங்கி, நசுங்கி, முனை பாதி வெளியே வந்திருந்தது. மூடி சரியாகப் பொருந்தாத பக்கத்தில்தான் ஃபிலிம் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தேன். ரெண்டு வருஷமாக அந்தக் கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது நான்தான்.

"ஞாயித்துக்கிழமை. கடை இல்லைங்களே" என்றேன்.

"உள்ள சிடி போடுற டிரைவ் இருக்கா? அதுக்கும் அதே கேபிள்தான். அதைப் பிடுங்கி இதுல மாட்டுங்க. சிடி யாரு பார்க்கப் போறா?"

மாட்டுவதற்கு முன்னால், மெஷின் கிளம்பும்போது படங்கள் இருக்கிற டிஸ்க்கைத் தானாகத் தொடாதபடி ஒரு வரியில் குறி போடச் சொன்னார். பிறகு கேபிளை மாற்றி, அதைப் படிக்க மட்டும், எழுதவே முடியாதபடி, திறக்கச் சொன்னார். அடித்தேன். ஒரு எரரும் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். வருஷ வருஷமாக ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒவ்வொரு வருஷமாகத் திரையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். "அக்கா, இருக்கீங்களா?" என்று அவர் ரெண்டு தடவை கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதுங்க, எல்லாம் இருக்குது" என்றேன்.

"சரி, சந்தோஷத்தைப் பொறவு படலாம். முதல்ல வேற மெஷினுக்கு ஒரு காப்பி. பழசை நம்பி ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது."

கையில் பென் டிரைவ் தவிர எதுவும் இல்லை. புது கம்ப்யூட்டரில் இடம் நிறைய இருந்தது. அதனால் அந்தப் பழைய பொது ஃபோல்டர் வழியாகவே இழுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் புது கம்ப்யூட்டருக்குப் பழைய மெஷின் கண்ணிலேயே படவில்லை. நடுவில் ரூட்டர் மாறியிருந்தது, பழைய மெஷின் இன்னமும் பழைய ரூட்டர் காலத்து நம்பரையே சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம். இப்போது கண்ணில் பட்டது, ஆனால் உள்ளே விட மறுத்தது. ரொம்பப் பழைய முறையில் ஷேர் செய்கிறது, பாதுகாப்பு இல்லை என்று விண்டோஸ் ஒரே பிடிவாதம். அந்தப் பழைய முறையைப் புது கம்ப்யூட்டரில் திறந்துவிடும் வழியை நானே போனில் கண்டுபிடித்து, "இதைப் பண்ணட்டுமா?" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"வேண்டாம்க்கா. இன்னைக்குத் திறந்துட்டு நாளைக்கு மூட மறந்துருவீங்க. அதுல ஊர்ச்சனம் உடம்பு விஷயம் எல்லாம் இருக்கு. பழசைக் கொஞ்சம் புதுசா பேச வைப்போம்."

லினக்ஸில் அந்த ஷேர் வேலையைச் செய்யும் சாம்பா என்கிற புரோகிராமின் செட்டிங் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அதை நிறுத்திக் கிளப்பினேன். என் மேஜைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் திறந்தது.

காப்பி போட ஆரம்பித்ததும் மூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டியது. அவர் சாப்பிடப் போனார். நான் தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை கரன்ட் போய், யுபிஎஸ் அலற ஆரம்பித்தது. அதன் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் பெரிசு. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நாலாவது நிமிஷத்தில் கரன்ட் வந்துவிட்டது.

அஞ்சு மணிக்கு முடிந்தது. அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். முன்பின் தெரியாத எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தீர்களே என்றேன்.

"நான் ஒருக்கா அந்த என்டரை அழுத்தியிருக்கேன்க்கா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் திறக்கும் முன்பே அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டேன். பெயரை அடித்துத் தேடினேன். இல்லை. வேற மாதிரி அடித்தேன். இல்லை. படங்கள் இருந்தும் ஆள் இல்லை என்றால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

"எந்த மாசம்னு ஞாபகம் இருக்குதாக்கா?"

யோசித்தார். "மொத மொதல்ல செக்யூரிட்டி வேலைக்கு மெடிக்கல் கேட்டாங்கன்னு எடுத்தது. அந்த வாரம் எங்க லைன் வூட்டுங்க பக்கத்துல தண்ணிக்கு போர்வெல் போட்டாங்க. வூடு பூரா சேறு. தீபாவளி போயி ஒரு மாசம் இருக்கும்."

அந்த மாசத்து ஃபோல்டரைத் திறந்து, ஆண்கள், நெஞ்சு, மாரிகுப்பம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முப்பதாவதோ முப்பத்தஞ்சாவதோ இருக்கும். வயசு சரியாக இருந்தது. பெயரில் முதல் எழுத்தையே தப்பாக வேற எழுத்தில் அடித்திருந்தது. அடித்தது வேறு யார்? நான்தான். படத்தைத் திறந்தேன். அந்த அம்மா சட்டென்று எழுந்து திரையைத் தொட்டார்.

"இதோ பாரு! இந்த எலும்பு! அண்டர்கிரவுண்ட் லெவல்ல கல்லு விழுந்து உடைஞ்சது. கோணலா சேர்ந்துகிச்சு."

இடது பக்கம் ஒரு விலா எலும்பு நடுவில் முடிச்சு மாதிரி இருந்தது. பையிலிருந்த புது ஃபிலிமை வாங்கி விளக்குப் பலகையில் மாட்டினேன். அதிலும் அதே இடத்தில் அதே முடிச்சு. ஆள் இவர்தான்.

நிழலும் இருந்தது. ரெண்டிலும் இருந்தது போலத்தான் என் கண்ணுக்குப் பட்டது. "இன்னாம்மா, ஒண்ணா கீதா?" என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. பார்க்காமல் ஒன்றைச் சொன்னதால்தான் இவ்வளவும். இப்போது தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். "டாக்டர் பதினோரு மணிக்கு வருவாருக்கா" என்றேன்.

டாக்டர் வந்தார். அந்த அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, முதலில் என் கதையைச் சொன்னேன், ரெண்டு வருஷத்தையும் சேர்த்து. அவர் கோபப்பட்டதைவிட, "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பின?" என்று கேட்டதுதான் வலித்தது. பிறகு ரெண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "இது அப்பவே இருந்திருக்கு. பெருசா மாற்றம் தெரியலை. நான் எழுதித் தரேன். ஆனா முடிவு அங்க இருக்கிற டாக்டர்தான் எடுக்கணும்" என்றார். பழைய படத்தைப் புதிதாக ஃபிலிம் போட்டு, ரிப்போர்ட்டும் வைத்துக் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருத்தருக்கு முழங்கால் எழுத வேண்டிய இடத்தில் முழங்கை என்று அடித்துவிட்டுத் திருத்தினேன். பன்னிரண்டரை மணிக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா சத்தத்துக்கு நடுவே அந்த அம்மாவின் குரல்.

"ஊசி இல்லைன்ட்டாங்கம்மா! அதே நிழல்தானாம், அதே அளவாம். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேனுக்கு வா, இப்ப வூட்டுக்குப் போன்ட்டாங்க. அவரு கேன்டீன்ல இட்லி துன்றாரு!"

போனை வைத்துவிட்டு எக்ஸ்ரே ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ரெண்டு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றேன். மூன்று நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது போல இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ரெண்டு பேரும் வந்தார்கள். அவரை அப்போதுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், செக்யூரிட்டி சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தார். அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு, நீ நல்லா இருக்கணும் என்றார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முடியவில்லை. "அக்கா, மொத வாட்டி நீங்க வந்தப்ப நான் பார்க்கவே இல்லை. பார்க்காமயே இல்லைன்னு சொல்லிட்டேன். மிஷின் இங்கேதான் இருந்துச்சு" என்றேன்.

கை கன்னத்திலிருந்து இறங்கியது.

"அந்த மூணு வாரமும் இவரு சரியா சாப்பிடல, தெரியுமா?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் பேசினார். "விடு. தேடி எடுத்துக் குடுத்துச்சு இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்த மிஷின்ல எங்க மைன்ஸ் செட்டு ஆளுங்க படமும் இருக்குமா? ரெண்டு மூணு பேரு தேடிகினு கீறாங்க" என்று கேட்டார்.

"வரச் சொல்லுங்கண்ணா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் ஏழு பேர் வந்திருக்கிறார்கள். அஞ்சு பேருக்குப் படம் கிடைத்தது. ரெண்டு பேருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் திரையைத் திருப்பிக் காட்டி, மாசம் மாசமாகத் தேடிவிட்டுத்தான் சொன்னேன். அந்தத் திருநெல்வேலிக்காரரை இன்று வரை நேரில் பார்த்ததில்லை. அவர் என் கையைக் கீபோர்டிலிருந்து எடுக்கச் சொன்னதையும், மைப்பெட்டிக்கு மேலே என் கை தானாக நின்றதையும் நினைக்காத வாரம் இல்லை. 'இல்லை' என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, ஆனால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் கிடைத்ததே என்று நினைக்கும்போது, இன்றைக்கும் மனசு லேசாகிறது, கூடவே கொஞ்சம் நடுங்கவும் செய்கிறது.